இன்வெர்ட்டர் பேட்டரில இருந்து ஆசிட் கசியுது, அம்மா வெறுங்கையில தொடச்சுட்டாங்க. பயப்படணுமா?

மலைக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டுல எங்க வீட்ல மாடிப்படிக்கு அடில இன்வெர்ட்டர் பேட்டரி (டியூபுலர், பெருசு) வெச்சிருக்கோம், பக்கத்துலயே மிளகு மூட்டையும். மழை சீசன்ல இங்க கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாது அதனால பேட்டரிக்கு ஓய்வே இல்ல. இன்னைக்கு பாத்தா ட்ராலிக்கு கீழ ஈரம், சிமெண்ட் தரை வெள்ளையா பூத்துப்போய் குழி குழியா இருக்கு. அம்மா ஏதோ தண்ணின்னு நெனச்சு பழைய துண்டால தொடச்சு எடுத்துட்டாங்க. இப்ப விரலெல்லாம் எரியுதுங்கறாங்க. டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பொடி வேற. அப்பாக்கு வீசிங் உண்டு, பக்கத்து ரூம்லதான் படுக்கறார். அக்கா பையன் இப்பதான் தவழறான். என்ன பண்றது, அவசரம்ங்க.

நைட்டூட்டி_சிஸ்டர்:
மொதல்ல அம்மாவ குழாய்க்கு அடில கைய நீட்ட சொல்லுங்க, மிச்சத்த அப்பறம் படிங்க. 20 நிமிஷமாவது ஓடற தண்ணில இருக்கணும், சும்மா அலம்பிட்டு வந்தா பத்தாது. வளையல் மோதிரம் எல்லாம் கழட்டிடுங்க, அதுக்கு அடில ஆசிட் தங்கிக்கும். மஞ்சள், டூத்பேஸ்ட், தேங்காண்ணெய் எதும் வேண்டாம், சோடா மாவு கூட தோல் மேல போடக்கூடாது, தண்ணி மட்டும்தான். புடவைல பட்டிருந்தா மாத்திடுங்க. கொப்பளம் வந்தாலோ தோல் வெளுத்துப்போனாலோ டாக்டர்கிட்ட காமிச்சுடுங்க. அந்த கையால கண்ண கசக்கினாங்களான்னு கேளுங்க, ஆமான்னா கண்ண நல்லா தொறந்து வெச்சு அதே 20 நிமிஷம் தண்ணி விட்டுட்டு வலி இருந்தாலும் இல்லாட்டியும் நேரா ஆஸ்பத்திரி.

கிச்சிப்பாளையம்_ராசா:
எலுமிச்சம்பழம் தேச்சா போயிடும் ப்ரோ, எங்க வீட்ல டிவி ரிமோட்ல பேட்டரி ஒழுகினப்ப அதான் பண்ணோம் பளிச்னு ஆயிடுச்சு

அஞ்சுரோடு_பேட்டரி:
ராசா தம்பி, கொஞ்சம் பொறுங்க. ரிமோட்ல போடற அல்கலைன் பென்சில் செல்லுல இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம், அதனால ஸ்ப்ரிங்குல எலுமிச்சை போட்டா முறியும். அதையும் கையில தேய்க்கக்கூடாது. இங்க ஒழுகறது சல்ஃபியூரிக் ஆசிட், ஆசிட் மேல எலுமிச்சை புழிஞ்சா என்ன ஆகும்? சும்மா இருங்க.

மலைக்காத்து, இன்வெர்ட்டருக்கு வர்ற மெயின் லைன ஆஃப் பண்ணுங்க, அப்பறம் இன்வெர்ட்டர. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே ஒரு பொறி போதும், அதனால விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அந்த பக்கம் வேண்டாம். ஜன்னல தொறந்து விடுங்க. ரப்பர் கிளவுஸ், கண்ணாடி போட்டுகிட்டு தரைல சமையல் சோடாவ அள்ளி தூவுங்க, புஸ்ஸுன்னு நுரைக்கும், நுரை அடங்கற வரைக்கும் தூவிட்டு அப்பறம் அள்ளி எடுங்க. அந்த துண்ட தூக்கி போட்ருங்க, தொவைச்சு காயப்போட்டா சல்லடையாத்தான் கெடைக்கும். தரை பூத்தது சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்ப ஆசிட் தின்னதால.

பொடிதான் உங்களுக்கு முக்கியம். வெள்ளையா இருக்கிறது ஈயம் சேந்தது, பச்சையா இருக்கிறது செம்பு அரிச்சது. வாயால ஊதாதீங்க, விளக்கமாத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியாலதான் எடுக்கணும். ஈயம் சின்ன புள்ளைங்க மூளைக்கு ஆகாது, தவழற புள்ள தரைல கைய வெச்சு வாய்ல வைக்கும், அந்த பக்கமே விடாதீங்க.

ஆமா பேட்டரிக்கு தண்ணி யார் ஊத்துனா? மிதவைல (தண்ணி மட்டம் காட்டற குச்சி) இருக்கிற கோட்டுக்கு மேல ஊத்திட்டா சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும், டப்பா வெடிச்சுதான் லீக் ஆகணும்னு இல்ல.

நைட்டூட்டி_சிஸ்டர்:
அப்பாவ இன்னைக்கு வேற ரூம்ல படுக்க வைங்க. பேட்டரி சூடாகி கொதிச்சா ஆசிட் ஆவி மாதிரி கெளம்பும், வீசிங் இருக்கறவங்களுக்கு உடனே நெஞ்ச அடைக்கும். அழுகின முட்டை நாத்தம் வந்தா யாரும் உள்ள நிக்காதீங்க, வெளிய வந்துடுங்க. கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போய் நாத்தம் தெரியாது, ஆனா வாயு அங்கதான் இருக்கும்.

மலைக்காத்து:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வளையல கழட்டினா அதுக்கு அடிலதான் செவந்திருக்கு, தண்ணில காமிச்சப்பறம் எரிச்சல் கொறஞ்சிருக்கு, காலைல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன். கண்ணுல படல. தண்ணி ஊத்தினது தோட்டத்துல வேலை செய்ற அண்ணன், மூடி வரைக்கும் ரொப்பி வெச்சிருக்கார்! ஒரு சந்தேகம், மிளகு மூட்டை ஒண்ணுல அடிச்சாக்கு நனைஞ்சு நைஞ்சுபோயிருக்கு. மேல இருக்கிற மிளகு காஞ்சுதான் இருக்கு, அத எடுத்துக்கலாமா?

அஞ்சுரோடு_பேட்டரி:
அந்த மூட்டை முழுசும் போச்சுன்னு வெச்சுக்கங்க. கழுவி காயவெச்சு சேலம் லீ பஜார் சந்தைல தள்ளிடலாம்னு யாராச்சும் சொல்வாங்க, கேக்காதீங்க. ஆசிட் போனாலும் ஈயம் போகாது. மத்த மூட்டைங்கள இன்னைக்கே வேற எடத்துக்கு மாத்துங்க.

பேட்டரிய மெக்கானிக் வந்து பாக்கட்டும், மூடி பக்கம் மட்டும் வழிஞ்சிருந்தா தப்பிச்சுது. டப்பால கீறல் இருந்தா மாத்தித்தான் ஆகணும், பழசுக்கு எடை போட்டு கடைக்காரரே கழிச்சுக்குவார், ஆசிட்ட மட்டும் ஓடைல ஊத்த விட்றாதீங்க. சேலத்துக்கு எறக்கறதா இருந்தா 20 கொண்டை ஊசி வளைவு, நிமித்தி வெச்சு கயித்துல கட்டுங்க, காருக்குள்ள வேண்டாம், பின்னாடி தொறந்த வண்டில.