இசைத்தாளில் சுரக்குறிகள் கட்டங்களாகவும் தமிழ் வரிகள் சிதறியும் தெரிகின்றன: எழுத்துருவை எங்கே சரிசெய்வது?

கேள்வி (காட்பாடி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடவிருக்கும் பதினான்கு பாடல்களை, சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களுக்கும் பிரித்து, மியூஸ்ஸ்கோர் 4 என்ற இசைத்தாள் மென்பொருளில் எழுதி முடித்திருக்கிறேன். என் கணினியில் சுரங்கள் யாவும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் பி.டி.எஃப். கோப்பை வேலூரில் ஓர் அச்சகத்தில் கொடுத்தபோது, அவர்கள் அதைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்ததும் கிளெஃப் (கோடுகளின் தொடக்கத்தில் சுர உயரத்தைக் காட்டும் குறி), சுரத்தலை (சுரத்தின் முட்டை வடிவத் தலை), ஓய்வுக்குறி எல்லாம் வெறும் கட்டங்களாக மாறிவிட்டன. ஐந்து கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. 'மேய்ப்பரே' என்ற சொல்லில் மகரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

இதைத் தவிர என் கணினியிலேயே இரண்டு குறைகள் உள்ளன. முதல் சரணத்தின் வரிகள் நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் வர, இரண்டாம் சரணம் மட்டும் வேறொரு எழுத்துருவில் மெலிந்து தெரிகிறது. மேலும், எங்கள் சபையில் முன்பு ஆர்கன் வாசித்த பெரியவர் வேர்டில் தயாரித்து வைத்திருந்த பயிற்சித்தாளைத் திறந்தால், ட்ரெபிள் கிளெஃப் (உயர்ந்த சுரங்களுக்கான கிளெஃப்) இருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் '&' என்ற குறிதான் நிற்கிறது. எழுத்துருக்களை எல்லாம் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில் 1 (ராணிப்பேட்டை, அச்சுத்தொழில்)

தம்பி, நீங்கள் சொல்வது ஒரே நோய் அல்ல, மூன்று தனித்தனி நோய்கள். எழுத்துருக்களை மீண்டும் நிறுவுவதை முதலில் நிறுத்துங்கள், ஏனெனில் மியூஸ்ஸ்கோருக்கு வேண்டிய இசை எழுத்துருக்கள் அந்த மென்பொருளுக்குள்ளேயே வருகின்றன.

அச்சகத்தில் கட்டங்கள் வந்ததற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் தீர்வும் தானே விளங்கும். மியூஸ்ஸ்கோர் இயல்பாகப் பயன்படுத்தும் லீலண்டு, ஸ்டைன்பர்க் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பிராவுரா முதலிய இன்றைய இசை எழுத்துருக்கள் 'ஸ்மஃபல்' என்ற பொது ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. அந்த ஒழுங்கு, யூனிகோடு எந்த மொழிக்கும் ஒதுக்காமல் அவரவர் தேவைக்கென்று விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில் கிளெஃபையும் சுரத்தலையையும் வைக்கிறது. சாதாரண எழுத்துருக்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைக் காலியாக விட்டிருப்பதால், லீலண்டு இல்லாத கணினி வேறோர் எழுத்துருவைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாமல் கட்டத்தைக் காட்டுகிறது. ஐந்து கோடுகள் பிழைத்ததற்குக் காரணம், அவை எழுத்துக்களாக அல்லாமல் கோடுகளாகவே வரையப்படுகின்றன என்பதுதான்.

பி.டி.எஃப். கோப்புக்குள் லீலண்டு உட்பொதிந்துதான் இருக்கிறது. நம்பிக்கை வர வேண்டுமென்றால், கோப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஆனால் கோரல்டிரா அந்தக் கோப்பைத் திருத்துவதற்காகத் திறக்கும்போது, எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு, அதே எழுத்துருவைத் தன் கணினியில் தேடுகிறது. உட்பொதிந்திருப்பதோ பயன்பட்ட வடிவங்களை மட்டும் கொண்ட துண்டு. தமிழ் கொம்பு இடம் மாறியதும் இந்தப் படியில்தான். யூனிகோடில் 'மே' என்பது முதலில் மகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது, காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காத இடத்தில் சேமித்த வரிசையே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே கோரல்டிராவில் பி.டி.எஃப். கோப்பை இறக்குமதி செய்யும்போது வரும் பெட்டியில், எழுத்தை 'டெக்ஸ்ட்' ஆக எடுக்காமல் 'கர்வ்ஸ்' ஆக எடுக்கும்படி அச்சகத்தாரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சுரமும் ஒவ்வோர் எழுத்தும் வடிவமாகவே உள்ளே வரும், எந்த எழுத்துருவும் தேவைப்படாது. எழுத்துப்பிழையை அங்கே திருத்த முடியாது என்பது இதன் விலை. பிழைத்திருத்தம் முழுவதையும் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள்.

பதில் 2 (ஆம்பூர்)

ஒவ்வொரு பக்கத்தையும் பி.என்.ஜி. படமாக ஏற்றுமதி செய்து கொடுத்துவிட்டால் எழுத்துருத் தொல்லையே இருக்காது. நாங்கள் உயிர்த்தெழுதல் ஆராதனைக்கான தாள்களை அப்படித்தான் அச்சிட்டோம்.

பதில் 1 (ராணிப்பேட்டை, அச்சுத்தொழில்)

அது கைகொடுக்கும், ஆனால் இசைத்தாளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.2 மி.மீ. மட்டுமே. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஒரு புள்ளி 0.085 மி.மீ. ஆகிறது. எனவே ஒரு கோடு இரண்டு புள்ளித் தடிப்பிலும் அடுத்தது மூன்று புள்ளித் தடிப்பிலும் விழ இடமுண்டு. விளக்கொளியில் நின்று பாடுபவருக்கு அந்த ஏற்றத்தாழ்வு கண்ணை உறுத்தும். படமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் 600-க்குக் குறையாமல் கொடுங்கள்.

பதில் 3 (சத்துவாச்சாரி, பியானோ ஆசிரியை)

இரண்டாம் சரணத்தின் சிக்கல் எனக்கும் வந்திருக்கிறது. மியூஸ்ஸ்கோரில் பாடல் வரிகளுக்கு ஒன்றல்ல, இரண்டு பாணிகள் உள்ளன. ஒற்றைப்படை வரிகளுக்கு ஒன்று, இரட்டைப்படை வரிகளுக்கு இன்னொன்று. நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருப்பீர்கள். 'ஃபார்மட்' பட்டியில் 'ஸ்டைல்' சாளரத்தைத் திறந்து, எழுத்துப் பாணிகளில் இரண்டுக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரே யூனிகோடு எழுத்துருவைக் கொடுங்கள். இயல்பாக வரும் எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நாம் சொல்லாவிட்டால் கணினி தனக்குக் கிடைத்த தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது, அது கணினிக்குக் கணினி மாறும். ஒருமுறை சரிசெய்ததும் பாணியைத் தனிக் கோப்பாகச் சேமித்து, மற்ற பதின்மூன்று பாடல்களிலும் ஏற்றிவிடுங்கள்.

வரிகளை உள்ளிடும்போது, ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சிடுபவர்கள் நடுவே இடைவெளியோ சிறுகோடோ தட்டினால், எழுத்து முழுமையாக அமைவதற்குள் மென்பொருள் அடுத்த சுரத்துக்குத் தாவிவிடுவதுண்டு. அப்போது புள்ளி முன் சுரத்தில் சேராமல் அடுத்த சுரத்தின் கீழே, புள்ளிகளாலான வெற்று வட்டத்தின் மேல் தனியாக நிற்கும். என் மாணவி ஒருத்தி 'அன்பே' என்ற சொல்லை அப்படி உடைத்துவிட்டு, எழுத்துருவில் கோளாறு என்று ஒரு மாலை முழுவதும் தேடிக்கொண்டிருந்தாள். முழுப்பாடலையும் 'அன்-பே' என்று சிறுகோடிட்டு நோட்பேடில் எழுதி, நகலெடுத்து, முதல் சுரத்தில் நின்று கண்ட்ரோல்-வி அழுத்திக்கொண்டே போங்கள், ஓர் அழுத்தத்துக்கு ஓர் அசையாக அமர்ந்துகொள்ளும்.

'&' குறியைப் பற்றி: மேஸ்ட்ரோ முதலிய பழைய இசை எழுத்துருக்களில் '&' விசையில் ட்ரெபிள் கிளெஃபும் '?' விசையில் பாஸ் கிளெஃபும் (தாழ்ந்த சுரங்களுக்கானது) இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் விசையின் சொந்த முகம் தெரிகிறது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் எழுதிய 'தமிழ்' வேறு கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிவது போலத்தான் இதுவும். பெரியவர் பயன்படுத்தியது ஃபினாலே என்ற இசைத்தாள் மென்பொருளுடன் வந்த மேஸ்ட்ரோவாக இருக்கலாம். ஃபினாலேயின் உருவாக்கம் 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், இலவசமாகக் கிடைக்கும் பிராவுரா டெக்ஸ்ட் எழுத்துருவுக்கு மாறிக்கொள்வது நல்லது. வேர்டில் ஈ, 0, 5, 0 என்ற நான்கையும் ஆங்கில விசையில் தட்டி, ஆல்ட்-எக்ஸ் அழுத்தி, வரும் குறிக்கு அந்த எழுத்துருவைக் கொடுத்தால் ட்ரெபிள் கிளெஃப் கிடைக்கும். அந்த எழுத்துருவை நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துரு சில மென்பொருள்களின் கண்ணில் படுவதில்லை.

கேள்வி கேட்டவர் (காட்பாடி)

ஐயா, அம்மா, மிக்க நன்றி. இரட்டைப்படை வரிகளின் பாணியை மாற்றியதும் இரண்டாம் சரணம் சீராகிவிட்டது. இன்று அச்சகத்தில் அருகில் நின்று 'கர்வ்ஸ்' முறையில் ஒரு பக்கத்தை ஏற்றிப் பார்த்தோம். சுரங்கள் முழுமையாக வந்தன, 'மேய்ப்பரே' என்பதில் கொம்பும் தன் இடத்தில் நிற்கிறது. ஆனால் ஏழாம் பாடலில் டெனர் வரியில் ஒரு சிறுகோடு விடுபட்டிருப்பதை அங்கேதான் கவனித்தேன். ஐயா சொன்னதுபோல அதை அங்கே திருத்த வழியில்லாததால், கோப்பைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். பதினான்கு பாடல்களையும் ஆல்டோ பாடும் அக்கா ஒருவரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். பயிற்சித்தாளில் இன்னும் பதினொரு கிளெஃப் மாற்ற வேண்டியிருக்கிறது.