ஃபிராடைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் பயனர் மாநாடு: யாரை அனுப்புவது, எதைக் கேட்டு வருவது?

வலைக்காவல்:
வணக்கம். எங்கள் டெலிகாம் நிறுவனத்துக்கு எஃப்எம்எஸ் (மோசடி அழைப்புகளைக் கண்டுபிடிக்கும்) மென்பொருளைத் தந்த நிறுவனம் மூன்று நாள் பயனர் மாநாடு நடத்துகிறது. ஒருவருக்குத்தான் பட்ஜெட். "வெபினாரில் பார்த்தால் போதாதா?" என்கிறது நிதிப் பிரிவு. மேலாளர் போவதா, தினமும் அலர்ட் பார்க்கும் அனலிஸ்ட் போவதா என்பதும் முடிவாகவில்லை. ரோமிங்கில் ஐஆர்எஸ்எஃப் (கூடுதல் கட்டணம் உள்ள வெளிநாட்டு பிரீமியம் எண்களுக்கு அழைப்புகளைக் குவித்து, அந்த வருமானத்தில் பங்கு பார்க்கும் மோசடி), உள்ளூரில் சிம் பாக்ஸ் (வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் சிம் வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கருவி), இரண்டும்தான் பெரிய தலைவலி. போகிறவர் எதைக் கேட்டு வர வேண்டும்?

சிடிஆர் வாசகன்:
அனலிஸ்டை அனுப்புங்கள். மேடை டெமோவை வெபினாரிலேயே பார்த்துவிடலாம். அதே மென்பொருளை ஓட்டும் இன்னொரு ஆபரேட்டரின் ஆளிடம் "இந்த விதிக்கு என்ன த்ரெஷோல்டு (அலர்ட் எழும் எல்லை) வைத்திருக்கிறீர்கள், ஏன் அந்த அளவு?" என்று கேட்க வேறு இடம் அமைவது அரிது. பதில் வந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்க, அலர்ட் திரையிலேயே கிடப்பவரால்தான் முடியும்.

ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. கடைசி 90 நாளுக்கு விதிவாரியாக மூன்று எண்களை எடுத்துக்கொள்ளட்டும்: எத்தனை அலர்ட் வந்தது, அதில் எத்தனை உண்மையான மோசடி, முதல் அழைப்பிலிருந்து இணைப்பைத் துண்டிக்க எவ்வளவு நேரம் ஆனது. 1,200 அலர்ட்டில் 60 தேறியது என்றால் 5 சதவீதம். அந்த எண் கையில் இருந்தால் பேச்சு ஓடும். "ஃபால்ஸ் பாசிட்டிவ் (பொய் அலர்ட்) அதிகம்" என்று மட்டும் சொன்னால் "எங்களுக்கும்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

நிதிப் பிரிவுக்கு இந்த ஐஆர்எஸ்எஃப் நஷ்டக் கணக்கைக் காட்டுங்கள். ஜிஎஸ்எம் கான்ஃபரன்ஸ் வசதியில் ஒரு சிம் ஒரே நேரத்தில் 5 பேரை இணைக்கலாம். 10 சிம், வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை 48 மணி நேரம்: 10 × 5 × 48 × 60 = 1,44,000 நிமிடம். நிமிடத்துக்கு அரை டாலர் என்று வைத்தால் 72,000 டாலர். இது உச்சவரம்புதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு நடந்தாலும் பயணச் செலவைத் தாண்டிவிடும். சந்தாதாரர் கட்டாவிட்டாலும் டாப் கோப்பின்படி (ரோமிங் பில்லுக்காக ஆபரேட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் கோப்பு) வெளிநாட்டு ஆபரேட்டருக்கு நாம் கட்டியாக வேண்டும்.

ரோமிங் மேசை:
ஐஆர்எஸ்எஃப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என்ஆர்டிஆர்டிஇ முறையில் (ரோமிங் அழைப்புப் பதிவுகளை வெளிநாட்டு ஆபரேட்டர் விரைவாக நமக்கு அனுப்பும் ஏற்பாடு) அழைப்பு முடிந்த 4 மணி நேரத்துக்குள் பதிவு வர வேண்டும். முந்தைய ஹை யூசேஜ் ரிப்போர்ட் (அதிகம் பயன்படுத்தியவர்களின் பட்டியல்) காலத்தில் இது 36 மணி நேரம். கோப்பு நேரத்துக்கு வராவிட்டால் ஒப்பந்தப்படி நஷ்டப் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போகும். அதை நிரூபிக்கக் கோப்பின் வரிசை எண்ணும் வந்துசேர்ந்த நேரமும் நம்மிடம் பதிவாகியிருக்க வேண்டும். விடுபட்ட கோப்புக்கு மற்றவர்கள் எப்படி அலர்ட் போடுகிறார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

அடுத்தது நம் சொந்த நெட்வொர்க்கில் போகும் நீண்ட அழைப்பு. பார்ஷியல் சிடிஆர் (அழைப்பு நடக்கும்போதே இடையிடையே எழுதப்படும் அழைப்புப் பதிவு) இல்லாவிட்டால் அழைப்பு முடிந்த பிறகுதான் பதிவு பிறக்கும். ஆறு மணி நேர அழைப்பென்றால் ஆறு மணி நேரமும் எஃப்எம்எஸ்ஸுக்குக் கண் தெரியாது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ஷியல் எடுக்கிறார்கள், மென்பொருள் அதை ஒட்டிச் சேர்க்கிறதா, தனித்தனி அழைப்பாக எண்ணுகிறதா என்று கேட்கட்டும். வோல்ட்இ (4ஜி வழிக் குரல் அழைப்பு) வந்த பிறகு ஐஎம்எஸ், எம்எஸ்சி (அழைப்பை இணைக்கும் புதிய, பழைய அமைப்புகள்) இரண்டிலிருந்தும் ஒரே அழைப்புக்குப் பதிவு வந்து இரட்டிப்பாக எண்ணப்படுவதும் உண்டு.

மூன்றாவது டெஸ்ட் எண்கள். பிரீமியம் எண் விற்பவர்கள் இணையத்தில் டெஸ்ட் எண்களை வெளியிடுகிறார்கள். மோசடிக்காரர்கள் பெரிதாக அடிப்பதற்கு முன் அதில் ஒன்றை அழைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஒற்றை அழைப்பே போதுமான எச்சரிக்கை. பட்டியலை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், சிக்கிய சிம்மை முழுதாக முடக்குகிறார்களா, சர்வதேச அழைப்பை மட்டும் அடைக்கிறார்களா என்பதைக் குறித்து வரச் சொல்லுங்கள். பின்னதே நல்லது. தவறாகச் சிக்கியவரின் போன் அப்போதும் உள்ளூரில் வேலை செய்யும்.

கோபுர நிழல்:
த்ரெஷோல்டு கேட்கலாம், ஆனால் எண்ணை அப்படியே கொண்டுவந்து போடாதீர்கள். அன்லிமிடெட் பிளான் உள்ள இடத்தில் நாளுக்கு 200 அழைப்பு சாதாரணம். நிமிடத்துக்குக் காசு வாங்கும் இடத்தில் அது விபரீதம். அவர்கள் அந்த அளவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைக் கொண்டுவாருங்கள். திரும்பியதும் பழைய சிடிஆரில் ஓட்டிப் பார்த்து, இரண்டு வாரம் யாரையும் துண்டிக்காமல் சும்மா ஓடவிட்டு, பிறகு இயக்குங்கள்.

சிம் பாக்ஸில் "ஒரே செல் (கோபுரப் பகுதி), நிறைய அவுட்கோயிங், இன்கமிங் இல்லை" என்ற பழைய விதி இப்போது டாக்சி புக்கிங் மேசையையும் கால் சென்டரையும்தான் அதிகம் பிடிக்கிறது. இன்றைய பாக்ஸ்கள் ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்) மாற்றும், தங்களுக்குள்ளேயே அழைத்து எஸ்எம்எஸ் அனுப்பிக்கொள்ளும், சிம் பேங்க் (சிம்களை ஓரிடத்தில் அடுக்கித் தொலைவிலிருந்து பயன்படுத்தும் பெட்டி) வழியாக ஒரே சிம்மை வேறு வேறு இடத்தில் எழவைக்கும். டெஸ்ட் காலில் (வெளிநாட்டிலிருந்து நம் எண்ணுக்கே அழைத்து, எந்த எண்ணிலிருந்து வந்துசேர்கிறது என்று பார்ப்பது) சிக்கிய எண்களை விதிக்குள் எப்படித் திருப்பி ஊட்டுகிறார்கள் என்பதைக் கேட்பது உபயோகம்.

லேப்டாப்பில் சந்தாதாரர் எண், ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்) எதுவும் இருக்கக் கூடாது. ஸ்லைடிலும் த்ரெஷோல்டு போடாதீர்கள். ஸ்லைடு இணையத்துக்குப் போனால் மோசடிக்காரர்களும் படிப்பார்கள்.

வலைக்காவல்:
மிக்க நன்றி. நாங்கள் இரண்டு வெர்ஷன் பின்னால் இருக்கிறோம். பாதகமா?

சிடிஆர் வாசகன்:
மேடையில் காட்டுவதில் பெரும்பகுதி உங்களிடம் இருக்காது. எனவே ஒவ்வொரு வசதிக்கும், அது நம் லைசென்ஸில் அடங்குமா, தனி மாட்யூலா என்று கேட்டுவிடுங்கள். அப்கிரேடில் கையால் எழுதிய விதிகள் அப்படியே நகருமா என்பதை விற்பனையாளரிடம் கேட்காமல், ஏற்கெனவே அப்கிரேடு செய்த ஆபரேட்டரிடம் கேளுங்கள். "அடுத்த ரிலீஸில் வரும்" என்று மேடையில் சொன்னது ஒப்பந்தம் ஆகாது. கோரிக்கை எண்ணோடு மெயிலில் வாங்குங்கள்.

புது வசதி வேண்டுமென்றால் அரைப் பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று விலை போட்டுவிடுவார்கள். நாலைந்து ஆபரேட்டர்கள் சேர்ந்து கேட்டால் புராடக்டுக்குள்ளேயே வர வாய்ப்பு அதிகம். மூன்றாம் நாள் மதியத்துக்குள் பாதிப் பேர் விமானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், ஆள் சேர்க்கும் வேலையை இரண்டாம் நாளே முடிக்கச் சொல்லுங்கள்.