ரணில் உள்ளே போனதும் எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

கொழும்பு அண்ணா: ரணில் விக்கிரமசிங்கவை சிஐடி (குற்றப் புலனாய்வுப் பொலிஸ்) கைது செய்துவிட்டது. வாக்குமூலம் கொடுக்கப் போனவரை அங்கேயே வைத்துப் பிடித்து, இப்போது கொழும்புக் கோட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள்

ரொறொன்ரோ மாமா: உண்மையா தம்பி? முன்னாள் ஜனாதிபதி ஒருவரை இலங்கையில் இதுவரை யாரும் தொட்டதில்லையே

கொழும்பு அண்ணா: ஓம் மாமா, இதுதான் முதல் தடவை. 2023 செப்டெம்பரில் கியூபாவுக்கும் நியூயோர்க்குக்கும் போய்த் திரும்பும் வழியில் லண்டனில் இறங்கினார். மனைவிக்கு வொல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கௌரவிப்பு. அது சொந்தப் பயணம், அதற்கு அரச பணம் 1 கோடியே 66 இலட்சம் ரூபாய் போனது என்று வழக்கு. மனைவியின் செலவை மனைவியே கட்டினார் என்று அவர் சொல்கிறார்

தங்கை: 1 கோடியே 66 இலட்சமா!! அந்த வருஷம்தான் கரண்ட் பில்லை ஏற்றினார்கள், அம்மா ஃபிரிட்ஜை நிறுத்தி வைத்திருந்தா. நாடு கடனில் கிடக்கிறது, எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொன்னவரே இவர்தான்

பெரியப்பா: பிள்ளை, 76 வயது மனிதர், ஆறு முறை பிரதமராக இருந்தவர். விசாரிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரை உள்ளே போடுவதைப் பார்த்துக் கைதட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2002இல் அவர் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்தது, அப்பாச்சியைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. அதை நான் மறக்க மாட்டேன்

ரொறொன்ரோ மாமா: அத்தான், அதே மனிதர் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது அந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர். அதையும் மறக்க முடியாது

பெரியப்பா: மறக்கச் சொல்லவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் வாக்குப் போடாமல் விட்டதால்தான் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கில் தோற்றார், அதற்குப் பிறகு யார் வந்தார், என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆளைப் பற்றி இரண்டு நினைப்பும் வரத்தான் செய்யும்

கொழும்பு அண்ணா: 26 வரை விளக்கமறியல். இரவுதான் உத்தரவு வந்தது

ஆகஸ்ட் 23, சனி

தங்கை: 2005இல் அவரைத் தோற்கடித்த மகிந்த ராஜபக்ச சிறைக்குப் போய் ரணிலைப் பார்த்திருக்கிறார், எதிர்க்கட்சித் தலைவர் சஜித்தும் போயிருக்கிறார். தேர்தலில் ஒருவரை ஒருவர் கிழித்தவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்

ரொறொன்ரோ மாமா: அடுத்தது நாம்தானோ என்ற பயம்

நான்: அண்ணா, ஆளை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாமே? இங்கே கடையில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், பெரிய ஆட்களுக்கு மட்டும் உள்ளே போனவுடன் வருத்தம் வருகிறதே என்று

கொழும்பு அண்ணா: தேசிய வைத்தியசாலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். சீனி, பிரஷர் இரண்டும் உண்டாம். இந்த வயதில் இருக்கும்தானே. சட்டத்தைப் பாருங்கள், பொதுச் சொத்துச் சட்டத்தில் தொகை 25,000 ரூபாய்க்கு மேல் போனால் விசேட காரணம் காட்டினால்தான் நீதவான் பிணை கொடுக்கலாம். அதனால் வருத்தமும் வழக்கின் ஒரு பகுதியாகிவிடும். அரசாங்கப் பொருளை எடுத்தான் என்று பிடிபட்ட சாதாரண ஆளுக்கும் இதே சட்டம்தான், அவனுக்காக மூத்த சட்டத்தரணிகள் வந்து நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்

பெரியப்பா: பழிவாங்கல் என்றும் சொல்கிறார்களே தம்பி. கைதாவார் என்று ஒரு யூடியூபர் முன்னமே சொன்னாராம்

கொழும்பு அண்ணா: அது எனக்கும் பிடிக்கவில்லை பெரியப்பா. எப்படித் தெரிந்தது என்று அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மே மாதம், அரச பணத்தில் கரம் பலகை வாங்கிய ஊழல் வழக்கில் முன்னாள் அமைச்சர்கள் இருவருக்கு 20 வருஷம், 25 வருஷம் என்று தீர்ப்பு வந்ததே, அதைக் கொடுத்தது நீதிமன்றம். போன மாதம் உயர் நீதிமன்றம், 2022 ஜூலையில் இவர் பதில் ஜனாதிபதியாக அவசரகாலம் அறிவித்தது அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது. மூன்று நீதியரசரில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் தீர்ப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் பழிவாங்கல் என்று தள்ள முடியாது

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கொழும்பு அண்ணா: பிணை கிடைத்துவிட்டது. 50 இலட்சம் ரூபாய்ப்படி மூன்று சரீரப் பிணை. அவர் கட்டிலில் இருந்தபடி சூமில்தான் தோன்றினார். கோட்டைப் பக்கம் ஒரே சனம், பொலிஸ் தடுப்புப் போட்டிருக்கிறது. அடுத்த தவணை ஒக்டோபர் 29

தங்கை: அவ்வளவுதானா

சித்தி: எல்லாரும் எழுதியதை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், நான் ஒன்று சொல்கிறேன். இந்த மனிதர் உள்ளே போனதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை. விமானச் செலவுக்குக் கோப்பு இருக்கிறது, ரசீது இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, அதனால் இரண்டு வருஷத்தில் ஒரு ஜனாதிபதியைக் கூண்டு வரை கொண்டுவர முடிந்தது. எங்கள் தம்பியை 1996இல் கூட்டிக்கொண்டு போனவர்கள் ரசீது தரவில்லை. அம்மா சாகும் வரைக்கும் எத்தனை இடத்தில் முறைப்பாடு கொடுத்தா என்று ரொறொன்ரோ அண்ணாவுக்குத் தெரியும். இந்த மாதம் 5ஆம் திகதி யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் எடுத்த பொருட்களைச் சனங்களுக்குக் காட்டினார்கள், நானும் போய்ப் பார்த்தேன். உடுப்புத் துண்டுகளைப் பார்த்து யாருடையது என்று சொல்லச் சொல்கிறார்கள், இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. அங்கே நூற்றுக்கு மேல் எலும்புக்கூடு எடுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளையின் பையும் பொம்மையும் வந்தது. அதற்கு யாரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார்கள்? ஒரு ஆளையாவது?

ரொறொன்ரோ மாமா: தங்கச்சி..

நான்: சித்தி, நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனாலும் இந்த வழக்கு நடக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஜனாதிபதியாக இருந்தவரைத் தொட முடியாது என்றுதான் இவ்வளவு காலமும் சொன்னார்கள், அந்தச் சாட்டு இனி இல்லை. 80களின் கடைசியில் தெற்கில் இருந்த பட்டலந்த சித்திரவதை முகாம் பற்றிய அறிக்கையை மார்ச்சில் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதில் தன்னைப் பற்றி உள்ளதை ரணில் மறுக்கிறார், சரி, அதையும் விசாரிக்கட்டும். தெற்கில் காணாமல் போன பிள்ளைகளின் அம்மாக்களும் முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வழி திறந்தால் இங்கேயும் கேட்கலாம்

சித்தி: கேட்காமல் யார் இருந்தது பிள்ளை? கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பெப்ரவரியில் இருந்து போராட்டம் நடத்திக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் எத்தனை அம்மாக்கள் செத்தும் போனார்கள். அரசாங்கத்துக்கு மனமிருந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று இந்த வெள்ளிக்கிழமை காட்டிவிட்டது. இனிமேல் காலம் எடுக்கும் என்று எங்களிடம் சொல்ல முடியாது

பெரியப்பா: அது நியாயமான பேச்சு

கொழும்பு அண்ணா: சித்தி, 30ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோர் தினம், சனிக்கிழமை. நீங்கள் போகிறீர்களா?

சித்தி: வேறு என்ன வேலை எனக்கு. போவேன்

தங்கை: நானும் வருகிறேன்

கொழும்பு அண்ணா: நான் வெள்ளி இரவு பஸ் எடுக்கிறேன். சின்ன மாமாவின் படத்தை இங்கேயே பெரிதாக அடித்துக்கொண்டு வரவா?

சித்தி: அடித்துக்கொண்டு வா. பெயரையும் பிடித்துக்கொண்டு போன வருஷத்தையும் சிங்களத்திலும் போடு, பிழை இல்லாமல்