டிபிகேஜி காட்டும் எண்ணை நம்பி டிஸ்க்கைக் காலி செய்யலாமா?

வண்ணை_டெர்மினல்:
டிபிகேஜி என்பது டெபியன், உபுண்டு, மின்ட்டில் பேக்கேஜ்களை (சாஃப்ட்வேர் பொட்டலங்களை) இன்ஸ்டால் செய்து கணக்கு வைக்கும் கருவி. அதைப் பற்றி நம்ம வடசென்னை லினக்ஸ் குரூப்பில் மணலி_மின்ட் அண்ணன் போட்ட வரியை முதலில் இங்கே வைக்கிறேன். "டிபிகேஜி-குவரியிடம் இன்ஸ்டால்ட்-சைஸைக் கேளுங்கள், பெரியது மேலே வருகிற மாதிரி சார்ட் போடுங்கள். டிஸ்க்கைத் தின்பது எந்த சாஃப்ட்வேர் என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலே இருப்பதைத் தூக்கினால் டிஸ்க் காலி." இதைப் படித்துவிட்டு கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பட்டியலில் முதலாவதாக நின்ற லினக்ஸ்-ஃபேர்ம்வேரை, அதாவது வைஃபை மாதிரி ஹார்ட்வேர் ஓடத் தேவையான ஃபைல்கள் இருக்கும் பேக்கேஜை, தூக்கிவிட்டான். ரீபூட் போட்டதும் வைஃபை போச்சு. டிஸ்க் மட்டும் நிரம்பினது நிரம்பினபடியே இருக்கிறது.

அந்த இன்ஸ்டால்ட்-சைஸ் எண் உங்கள் டிஸ்க்கை அளந்து வந்தது இல்லை. ஒரு ஃபைலோ ஃபோல்டரோ எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று டிஸ்க்கில் பார்த்துச் சொல்வது டியூ கட்டளைதான். பேக்கேஜைக் கட்டும்போதே எழுதிவைத்த மதிப்பீடு. டிபிகேஜி அதை /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் ஃபைலில் இருந்து எடுத்து அப்படியே வாசிக்கிறது, அவ்வளவுதான். டெபியன் பாலிசி கையேடே அதை மதிப்பீடு என்றுதான் சொல்கிறது. ஃபைல் சிஸ்டத்தைப் பொறுத்தும், இன்ஸ்டால் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டைப் பொறுத்தும் உண்மையான அளவு மாறும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நாலு பேருக்குச் சொல்லித் தருகிறவர் இதைப் படித்திருக்க வேண்டாமா?

மணலி_மின்ட்:
தம்பி, லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் எண்ணையும் டியூ சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃபேர்ம்வேரைத் தூக்கு என்று நான் எங்கே சொன்னேன்? என்னவென்று தெரியாத பேக்கேஜில் கை வைக்கக் கூடாது என்பதையுமா எழுதணும்? எண் சரி. படிக்கத் தெரியாதவன் தப்பு என் தலையில் வராது.

வண்ணை_டெர்மினல்:
"மேலே இருப்பதைத் தூக்கினால் டிஸ்க் காலி" என்று எழுதியது நீங்கள். அதில் தெரிந்தது, தெரியாதது என்ற பேச்சே இல்லை. அது மட்டுமா? உபுண்டு 22.04-இல் ஃபேர்ம்வேரைத் தூக்கினால் அதை நம்பி நிற்கும், கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) கொண்டுவரும் லினக்ஸ்-ஜெனரிக்கும் சேர்ந்து போகும். அப்புறம் புது கெர்னல் தானாக வராது. அந்தத் தம்பிக்கு இது இன்னும் தெரியாது.

எண் சரி என்கிறீர்களே, ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு பேக்கேஜின் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் ஃபோல்டரை ஆர்எம் போட்டு அழியுங்கள். இப்போது டிபிகேஜியைக் கேளுங்கள். ஒரு கேபி கூடக் குறையாது. அழித்த ஃபைலையும் சேர்த்துச் சொல்கிற எண் எப்படி டிஸ்க்கில் இருக்கும் அளவு ஆகும்?

மணலி_மின்ட்:
யார் அய்யா கையால் அழிப்பது? சும்மா வாதத்துக்காகச் சொல்லாதே.

வண்ணை_டெர்மினல்:
லோக்கேல்பர்ஜ் என்று ஒன்று இருக்கிறது, வேண்டாத மொழி ஃபைல்களை அழிப்பதுதான் அதன் வேலையே. டிபிகேஜியிலேயே பாத்-எக்ஸ்க்ளூட் இருக்கிறது, அதைப் போட்டால் அந்த ஃபைல்கள் டிஸ்க்கில் இறங்கவே இறங்காது. இரண்டிலும் எண் பழையபடி அப்படியே நிற்கும். வாதத்துக்காகச் சொல்லவில்லை.

பெரம்பூர்_பென்குயின்:
இரண்டு பேரும் டிபிகேஜி கையாளும் டெப் பேக்கேஜையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற வேறு வகைப் பேக்கேஜாகத்தான் வருகிறது. டிபிகேஜி பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ் என்று தேடினால் ஒரு எம்பிகூட இல்லாத பெயரளவு பேக்கேஜ் ஒன்று நிற்கும். நிஜமான ஆள் /வார்/லிப்/ஸ்னாப்டி/ஸ்னாப்ஸ் ஃபோல்டரில் 200 எம்பிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய பழைய பதிப்பும் பக்கத்திலேயே இருக்கும். ஸ்னாப் லிஸ்ட் ஆல் என்று போட்டுப் பாருங்கள், "டிசேபிள்ட்" என்று வருவதெல்லாம் அதுதான். எங்கள் காலேஜ் லேபில் 64 ஜிபி டிஸ்க் போட்ட மெஷின்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஃப்ளாட்பேக், டாக்கர் என்று தனி வழியில் இறங்குவது எதுவும் டிபிகேஜி கணக்கில் வராது.

மணலி_மின்ட்:
அக்கா, மின்ட்டில் ஸ்னாப் தானாக வருவதில்லை. அதனால் என் எண் சரி.

பெரம்பூர்_பென்குயின்:
மின்ட்டில் ஃப்ளாட்பேக் இருக்கிறதே!

கொருக்குப்பேட்டை_ஜெராக்ஸ்:
அண்ணே, ஃபேர்ம்வேரைத் தூக்கினவன் நான்தான். போனிலிருந்து எழுதுகிறேன். சண்டையை அப்புறம் பார்த்துக்கலாம், இப்போ வைஃபைக்கு என்ன செய்யணும்? நாளைக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கக் கூட்டம் வரும்.

பெரம்பூர்_பென்குயின்:
தம்பி, போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் பண்ணு. அதற்கு வைஃபை ஃபேர்ம்வேர் தேவையில்லை. நெட் வந்ததும் ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக் லினக்ஸ்-ஃபேர்ம்வேர் என்று இரண்டையும் சேர்த்துப் போடு, ரீபூட் பண்ணு. டிஸ்க்கில் கொஞ்சமாவது இடம் வேண்டும், முதலில் ஆப்ட் க்ளீன் போட்டுவிடு.

மணலி_மின்ட்:
ஆப்ட் க்ளீன் எல்லாம் வீண். 16.04-இலிருந்தே ஆப்ட் இறக்கின டெப் ஃபைலை இன்ஸ்டால் முடிந்ததும் தானே அழித்துவிடும்.

பெரம்பூர்_பென்குயின்:
ஆப்ட் அழிக்கும், ஆப்ட்-கெட் அழிக்காது. கடை மெஷினில் எது ஓடியது என்று உங்களுக்குத் தெரியுமா?

மணலி_மின்ட்:
இந்தக் காலத்தில் ஆப்ட்-கெட் யார் அடிக்கிறார்கள்?

வண்ணை_டெர்மினல்:
நான் அடிக்கிறேன். ஸ்கிரிப்டில் ஆப்ட்-கெட்தான் போடணும், ஸ்கிரிப்டில் கவனமாக இரு என்று ஆப்ட் கட்டளையே எச்சரிக்கும். பேச்சை மாற்றாதீர்கள் அண்ணே. இன்ஸ்டால்ட்-சைஸ் அளந்த எண்ணா, இல்லையா?

காசிமேடு_ஃபெடோரா:
டெபியன்காரர்கள் வீட்டுச் சண்டையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம்மிலும் இதே சைஸ் இருக்கிறது, குவரி ஃபார்மட்டில் கேட்டால் வரும். ஆனால் டெர்மினல் தம்பி டியூவை வேதம் மாதிரி பேசுவதுதான் பொறுக்கவில்லை. ஃபெடோராவில் 33-இலிருந்து டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், 34-இலிருந்து இசட்எஸ்டிடி கம்ப்ரஷனும் சேர்ந்தே வருகிறது. அங்கே டியூ சொல்வது சுருக்குவதற்கு முந்தைய அளவு. டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது என்று காம்ப்சைஸ் போட்டால்தான் தெரியும். ஆக, டியூவும் அளக்கவில்லை.

மணலி_மின்ட்:
கேட்டாயா? டியூவும் மதிப்பீடுதான். இப்போ என்ன சொல்கிறாய்?

வண்ணை_டெர்மினல்:
கடை மெஷினில் இருப்பது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். அதில் கம்ப்ரஷன் கிடையாது, டியூ பிளாக் பிளாக்காக எண்ணித்தான் சொல்லும். ஃபெடோரா அண்ணன் வந்ததும் இவருக்கு ஒரு கைத்தடி கிடைத்துவிட்டது. போன வருஷம் ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டுமா, ஃபைல் போதுமா என்ற சண்டையிலும் இப்படித்தான் பக்கத்து ஆள் தோளில் ஏறிக்கொண்டு பாதியில் காணாமல் போனார். அதை நான் மறக்கவில்லை.

மணலி_மின்ட்:
காணாமல் போகவில்லை, எனக்கு ஷிஃப்ட் இருந்தது. ராத்திரி டியூட்டி பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். சரி, அளந்தே காட்டுகிறேன். ஹலோ என்ற குட்டி பேக்கேஜை எடுத்தேன். டிபிகேஜி -எல் போட்டு ஃபைல் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக டியூவுக்குக் கொடுத்தேன். டியூ 41 ஜிபி என்கிறது. டிபிகேஜி சில நூறு கேபி என்கிறது. எது பைத்தியக்கார எண் என்று படிக்கிறவர்களே சொல்லட்டும்.

வண்ணை_டெர்மினல்:
அண்ணே, டிபிகேஜி -எல் தருகிற பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள். அதில் ரூட் ஃபோல்டரே இருக்கிறது, அடுத்து /யூஎஸ்ஆர் இருக்கிறது. ஃபோல்டரைக் கொடுத்தால் டியூ அதற்குள் இருப்பது அத்தனையையும் கூட்டும். நீங்கள் ஹலோவை அளக்கவில்லை, உங்கள் முழு மெஷினையும் அளந்திருக்கிறீர்கள். பட்டியலில் ஃபைலை மட்டும் வடிகட்டி டியூவுக்குக் கொடுக்கணும். குரூப்பில் பாடம் எடுக்கிறவர் இந்த வரியைப் போட்டு, அதை ஆதாரம் என்று வேறு காட்டுகிறார்.

மணலி_மின்ட்:
அது உன் விளக்கம். டியூ தப்பான எண் சொல்லும் என்று காட்டிவிட்டேன், அது போதும்.

ஓஎம்ஆர்_ஆர்ச்:
இன்னும் டெபியனையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களா? ஆர்ச்சில் எக்ஸ்பாக் போட்டால் ஒரே வரியில் சைஸோடு பட்டியல் வந்துவிடும். 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் இந்தப் பேச்சே இல்லை. வடசென்னையில் அதெல்லாம் கஷ்டம்தான், புரிகிறது.

வண்ணை_டெர்மினல்:
எக்ஸ்பாக் காட்டுவதும் பேக்கேஜைக் கட்டினபோது எழுதின சைஸ்தான், அதனால் உங்களுக்கும் இதே பதில்தான். வடசென்னைப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் போஸ் லினக்ஸ் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை அழித்தார்கள், நாங்கள் கொஞ்சம் பேர் அதைத் திறந்து டெர்மினல் கற்றோம். போஸும் டெபியன் வழி வந்ததுதான். டிபிகேஜியை எங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. இடம் இல்லை என்றால் புது டிஸ்க் வாங்கு என்பது காசு இருக்கிறவன் பதில். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வழி எங்களுக்கும் தெரியும். எது தின்கிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் புது டிஸ்க்கும் நிரம்பும்.

மணலி_மின்ட்:
இதில் மட்டும் தம்பி பக்கம் நான். ஓஎம்ஆர்காரர் வேறு இடம் பார்க்கலாம். ஆனால் எண் சரி.

கொருக்குப்பேட்டை_ஜெராக்ஸ்:
வைஃபை வந்துவிட்டது, அக்காவுக்கு நன்றி. டிஸ்க் இன்னும் 97 சதவீதம் காட்டுகிறது. டிபிகேஜி எண்களை எல்லாம் கூட்டினால் 7 ஜிபிதான் வருகிறது. டிஸ்க் 120 ஜிபி.

வண்ணை_டெர்மினல்:
இதோ! 7 ஜிபி என்கிறது மின்ட் அண்ணன் எண், 97 சதவீதம் என்கிறது டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப். தம்பி, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், கடைக்கே வருகிறேன்.

வண்ணை_டெர்மினல்:
பார்த்துவிட்டேன். எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் போடும் என்சிடியூவை சூடோவோடு, -எக்ஸ் சேர்த்து ரூட்டில் ஓடவிட்டோம். -எக்ஸ் போடாமல் விட்டால் /ஸ்னாப் கீழே மவுண்ட் ஆகியிருப்பதையும் விரித்துக் கூட்டிவிடும். அந்த இடம் ஏற்கெனவே ஸ்னாப்டி ஃபோல்டரில் கணக்கு வைத்ததுதான். பட்டியலில் /வார் தலையில் நின்றது. உள்ளே ஸ்பூல், அதற்குள் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் கப்ஸின் ஃபோல்டர், 80 ஜிபிக்கு மேல். கஸ்டமர்கள் கொண்டுவந்த ஸ்கேன் பிடிஎஃப், ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை என்று பிரிண்ட்டுக்குப் போன ஒவ்வொரு ஃபைலும் அங்கே அப்படியே கிடந்தது. கப்ஸ் சாதாரணமாக வேலை முடிந்து ஒரு நாள்தான் ஃபைலை வைத்திருக்கும். மெஷினை செட்டப் செய்து கொடுத்தவர், மறுபடி பிரிண்ட் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் வரியில் எஸ் என்று போட்டு வைத்திருக்கிறார். எஸ்ஸை எடுத்துவிட்டு கேன்சல் கட்டளையில் -ஏ -எக்ஸ் கொடுத்துப் பழைய வேலைகளைத் துடைத்தோம். டிஸ்க் இப்போது மூச்சு விடுகிறது.

மின்ட் அண்ணே, உங்கள் பட்டியலில் கப்ஸ் எந்த இடத்தில் இருந்தது என்று தேடிப் பார்த்தேன். எங்கேயோ அடியில், ஒரு எம்பிக்குப் பக்கத்தில். 80 ஜிபி தின்ற சாஃப்ட்வேரை உங்கள் எண் ஒரு எம்பி என்றது.

மணலி_மின்ட்:
80 ஜிபி தின்றது கப்ஸ் இல்லை, கஸ்டமர் ஃபைல். சாஃப்ட்வேர் எடுக்கும் இடம் வேறு, அது கையாளும் ஃபைல் எடுக்கும் இடம் வேறு. கப்ஸ் ஒரு எம்பி என்றால் ஒரு எம்பிதான். எண் சரி என்று நீயே கடைக்குப் போய் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறாய்.

வண்ணை_டெர்மினல்:
அந்த ஃபைலை அங்கே வைத்தது யார்? கப்ஸ்தானே? இல்லை, ஜெராக்ஸ் மெஷினா?

காசிமேடு_ஃபெடோரா:
பிடிஆர்எஃப்எஸ் போட்டிருந்தால் அந்த ஸ்பூலில் கொஞ்சமாவது சுருங்கியிருக்கும்.

பெரம்பூர்_பென்குயின்:
பிடிஎஃப் ஏற்கெனவே சுருக்கின ஃபைல். அதில் பெரிதாக எதுவும் சுருங்காது.

காசிமேடு_ஃபெடோரா:
எல்லா பிடிஎஃப்பும் அப்படி இல்லை அக்கா. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

மணலி_மின்ட்:
தனி இழை வேண்டாம், இங்கேயே முடிக்கலாம். தம்பி, கப்ஸுக்கு டிபிகேஜி சொல்கிற எண்ணையும் டிபிகேஜி -எல் பட்டியலில் இருக்கும் ஃபைல்களுக்கு டியூ சொல்கிற எண்ணையும் ஒட்டு. நீ சொன்னபடி வடிகட்டியே ஒட்டு. வித்தியாசம் இருந்தால் காட்டு.

வண்ணை_டெர்மினல்:
ஒட்டுகிறேன். அதற்கு முன்னால் டாக் ஃபோல்டரை அழித்துவிட்டு ஒட்டலாமா? அப்போதும் உங்கள் எண் அசையாமல் நிற்குமே, அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

மணலி_மின்ட்:
யார் அய்யா கையால் அழிப்பது?