கடலூரிலிருந்து பிரிட்டனுக்கு முதுநிலைப் படிப்பு: வங்கி இருப்பு, இனிஷியல், பகுதிநேர வேலை குறித்த ஐயங்கள்

மஞ்சக்குப்பம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் இளநிலை வணிகவியல் முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். 2026 செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு லீட்ஸ் நகரில் இடம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத் தேர்விலும் போதிய மதிப்பெண் பெற்றுவிட்டேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். குறிஞ்சிப்பாடி அருகே எங்களுக்கு ஒரு மனையும், அம்மாவிடம் சிறிது நகையும் உள்ளன. நாங்கள் அணுகிய கன்சல்டன்சியில், இவற்றின் மதிப்பைத் தணிக்கையாளரிடம் சான்றிதழாக வாங்கிக் கொடுத்தாலே விசாவுக்குப் போதும் என்றும், 25 லட்சம் கல்விக் கடன் வாங்கினாலும் அதன் தவணையை அங்கே பகுதிநேர வேலை பார்த்தே அடைத்துவிடலாம் என்றும் கூறுகின்றனர். இவை உண்மைதானா என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டபோது, வீட்டின் கீழ்த்தளத்து அலமாரியில் இருந்த என் பிறப்புச் சான்றிதழ் நனைந்து படிக்க இயலாதபடி ஆகிவிட்டது. அது தேவைப்படுமா? மேலும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுமையாகவும், பட்டச் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருக்கிறது. வீட்டிலிருந்து எதையெதை எடுத்துச் செல்லலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை வாசி (இப்போது லீட்ஸ்):

தங்கைக்கு வணக்கம். முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விசா மறுக்கப்பட்டதாக நான் நேரில் அறிந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் தடுக்கி விழுந்தன. மனையும் நகையும் எவ்வளவு மதிப்புடையவையானாலும் பிரிட்டன் மாணவர் விசாவுக்கு அவை பணமாகக் கருதப்படுவதில்லை. பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் அப்படியே. தணிக்கை அலுவலகத்தில் இருக்கும் நீங்கள் ரொக்க இருப்பையும் அசையாச் சொத்தையும் ஒரே தலைப்பில் எழுத மாட்டீர்கள் அல்லவா? அவர்களும் எழுத மாட்டார்கள்.

அவர்கள் கேட்பது இரண்டு தொகைகளின் கூட்டு. ஒன்று, முதல் ஆண்டுக் கட்டணத்தில் நீங்கள் இன்னும் செலுத்தாத மீதி. நீங்கள் கட்டிய முன்பணம், பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். எனப்படும் சேர்க்கை உறுதியில் பதிவாகியிருந்தால் அது கழிக்கப்படும். மற்றொன்று, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு. லீட்ஸ் லண்டனுக்கு வெளியே என்பதால் உங்களுக்கு 10,539 பவுண்டு; ஒரு பவுண்டை 120 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 12 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். கட்டண மீதியோடு சேர்ந்த இந்த மொத்தத் தொகை உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாள்கூடக் குறையாமல், இருந்தாக வேண்டும். அந்த 28 நாட்களின் கடைசி நாள் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும்.

"ஒரு நாள்கூட" என்பதைச் சும்மா சொல்லவில்லை. என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பருக்கு முதல் முறை விசா மறுக்கப்பட்டதற்குக் காரணம், 23ஆம் நாளில் அவருடைய தந்தையின் கணக்கிலிருந்து காப்பீட்டுத் தவணை தானாகவே பிடிக்கப்பட்டு, இருப்பு தேவையான அளவைவிடச் சில நூறு ரூபாய் இறங்கியதுதான். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்காக விசா விண்ணப்பத்தோடு கட்டும் மருத்துவ மேல்வரி திரும்பி வந்தது. விசாக் கட்டணம் வரவில்லை, செப்டம்பர் சேர்க்கையும் போயிற்று. ஆகவே தானியங்கிப் பிடித்தங்கள் இல்லாத ஒரு கணக்கில், ரூபாயின் மதிப்பு சரிந்தாலும் தாங்கும்படி ஒரு லட்சமாவது கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

கல்விக் கடன் உங்கள் பெயரில், வங்கியின் கல்விக் கடன் திட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தையே காட்டலாம். அதற்கு 28 நாள் கணக்கு இல்லை. கடிதம் விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். சொந்தப் பணமாக ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மிகுதிக்கு வங்கி வரி பிடித்துக்கொள்ளும், அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அந்தப் பிடித்தமே இல்லை. இதைக் கன்சல்டன்சிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

மருத்துவ மேல்வரியை மறந்துவிடாதீர்கள். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு ஓராண்டுதான் என்றாலும் விசா அதன் பின்னரும் நான்கு மாதங்கள் நீளும் என்பதால் ஒன்றரை ஆண்டுக்கான 1,164 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். இத்தொகை மேலே சொன்ன வங்கி இருப்பில் அடங்காது. அதிலிருந்து எடுத்துக் கட்டவும் கூடாது.

நெல்லிக்குப்பத்துத் தாய்:

அன்பு மகளுக்கு, என் மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் லெஸ்டர் நகருக்குப் படிக்கச் சென்றான் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டுவதானால் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். நீங்கள் அவருடைய மகள் என்பதற்கு அதுதான் ஆதாரம். அதனுடன், இந்தப் பணத்தை மகளின் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று அப்பா கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும். சான்றிதழ் வெள்ளத்தில் போனதற்காகக் கலங்க வேண்டாம். பதிவு மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இருக்கும்; புதிய படியை வாங்கும்போது அதில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பெண் குழந்தை என்று மட்டும் எழுதிப் பெயரிடம் வெறுமையாக விடப்பட்ட சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். என் மகனுக்கே அப்படித்தான் இருந்தது. பெயரைச் சேர்க்க நாங்கள் மூன்று வாரம் அலைந்தோம்.

பெயர் விஷயத்தில் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சி.ஏ.எஸ்., விசாவுக்குத் தேவையான காசநோய்ச் சான்றிதழ், விசா விண்ணப்பம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் கற்றுக்கொண்டது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் இருப்பதைப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சலில் விளக்கிவிடுங்கள்; தென்னிந்திய மாணவர்களால் அவர்களுக்கு அது பழகிப்போன செய்திதான். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கேட்ட இடத்தில் நாங்கள் என் கணவரின் பெயரை எழுதிவிட்டோம். அதனால் வங்கியிலும் மருத்துவரிடத்திலும் மகனை அழைப்பதற்கு என் கணவரின் பெயரையே சொல்லிக் கூப்பிடுகின்றனர். முதல் மாதம் முழுவதும், "யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்" என்று தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பான்.

எடுத்துச் செல்லும் பொருட்களில், நெய்யும் பால்கோவாவும் இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை இந்தியாவிலிருந்து கொண்டுவர அங்கே தடை உள்ளது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடிகள், புளி, வடகம், ஊறுகாய், வற்றல் ஆகியவற்றை முத்திரையிட்ட பொட்டலங்களாகக் கொடுத்தனுப்பினேன். அவை எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. சிறிய குக்கர் ஒன்றைத் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் நம் ஊரைப் போன்றதுதான், செருகி மட்டும் தட்டையான மூன்று கால்களை உடையது. கடுகு தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள் என்கிறான் மகன். அவன் போன முதல் வாரத்திலேயே புகை எச்சரிக்கை மணி அலறி, விடுதி முழுவதும் இரவு உடையோடு குளிரில் வெளியே வந்து நின்றதாம்.

லாஸ்பேட்டை ஆய்வு மாணவர் (கிளாஸ்கோ):

வேலை பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பட்ட, முதுநிலை மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு என்பதால் வாரத்துக்கு 254 பவுண்டு கிடைக்கும். நான் முதுநிலை படித்தபோது அறை வாடகை வாரம் 150, உணவு 40, பேருந்து 18 பவுண்டு செலவாயிற்று. சிறு பிடித்தங்களை விட்டுவிட்டாலும் எஞ்சுவது 46. மாதத்துக்கு 184 பவுண்டு, அதாவது 22,000 ரூபாய். உங்கள் 25 லட்சம் கடனுக்கு வட்டி 10.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே மாதம் 21,875 ரூபாய். ஆக, வேலை சேர்ந்த நாள் முதல் ஒரு வாரம்கூடத் தவறாமல் முழு 20 மணி நேரமும் உழைத்தால், அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் வட்டியை மட்டும் கட்டலாம். எனக்கு முதல் வேலை கிடைக்கவே பதினொரு வாரங்கள் ஆயின.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. கோடையில் எல்லோருக்கும் விடுமுறை, அப்போது முழுநேரம் உழைக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் படிப்புக் காலமே, அப்போதும் 20 மணி நேரம்தான். அடுத்தது, உணவு கொண்டுசேர்க்கும் செயலிகளில் வண்டி ஓட்டுவது சுயதொழிலாகக் கருதப்படும். மாணவர் விசாவில் அதற்கு அனுமதி இல்லை. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று யாராவது நயமாகச் சொன்னால், அதனால் விசாவே பறிபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

படிப்பின் சுமை நம் ஊரில் எண்ணுவதைவிட அதிகம். ஓராண்டு முதுநிலை என்பது பொதுவாக 180 அலகு. ஓர் அலகுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்புகள் வாரத்துக்குச் சில மணி நேரமே இருக்கும், மீதி முழுவதும் நாமே படித்து முடிக்க வேண்டியது. மதிப்பெண்ணையும் நம் ஊர்க் கண்ணால் பார்க்கக் கூடாது: தேர்ச்சிக்கு 50, சிறப்புக்கு 60, மிகச்சிறப்புக்கு 70. முதல் கட்டுரைக்கு 62 வாங்கியபோது நான் தோற்றுவிட்டதாக எண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பேராசிரியரோ நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார். அவரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னதற்கு என் நாக்கு கடைசிவரை ஒத்துழைக்கவில்லை என்பது வேறு கதை. பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வதை அங்கே திருட்டாகவே நடத்துகின்றனர். உரைநூல்களிலிருந்து அப்படியே எழுதிப் பழகிய நமக்கு இதுதான் முதல் பருவத்தின் பெரும் கண்டம்.

வருகைப் பதிவும் விளையாட்டல்ல. தொடர்ந்து வராத மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவைப் பொறுத்தவரை, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. நீங்கள் 2027 இலையுதிர் காலத்தில்தான் முடிப்பீர்கள் என்பதால் 18 மாதத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

காசநோய்ப் பரிசோதனையை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். நான் சென்னைக்குச் சென்று செய்துகொண்டேன். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். புதுச்சேரிக்காரர்களுக்காக ஒரு சொல்: பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் சித்தப்பா மகள் தனக்கு இது தேவையில்லை என்று இருந்துவிட்டாள். குடியுரிமை எதுவாயினும், கடந்த ஆறு மாதமாக வாழும் நாடே இதில் கணக்கு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 முதல், அவளைப் போன்றோருக்கும் மாணவர் விசா வேண்டும், வெளிநாட்டு மாணவர் கட்டணமே பொருந்தும்.

மஞ்சக்குப்பம் மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆய்வு மாணவர் அண்ணா போட்ட கணக்கை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன்; சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனையை விற்று விடலாம், கடனை 12 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். கன்சல்டன்சிக்கு இன்னும் பணம் எதுவும் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. பிறப்புச் சான்றிதழின் புதிய படி வந்துவிட்டது. நெல்லிக்குப்பத்து அம்மா சொன்னபடியே அதில் என் பெயர் இல்லை, சேர்க்க மனு கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: மனை விற்ற பணம் மொத்தமாக ஒரே நாளில் கணக்கில் விழுந்தால் அது தவறாகுமா?

முத்தியால்பேட்டை வாசி (இப்போது லீட்ஸ்):

மொத்தமாக வருவது தவறில்லை, தங்கை. பணம் விழுந்த நாளிலிருந்து 28 நாட்களை எண்ணத் தொடங்குங்கள். கேள்வி எழுந்தால் காட்டுவதற்குக் கிரயப் பத்திரத்தின் படியையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருங்கள். கடன் 12 லட்சம், மீதி அப்பாவின் கணக்கில் என்றால், வங்கிக் கடிதத்தையும் கணக்கு விவரத்தையும் சேர்த்தே காட்டலாம். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் மட்டும் போட வேண்டாம். அதில் வீட்டுச் செலவுக்கு எடுப்பீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி, அதன் ஏ.டி.எம். அட்டையை யாரிடமாவது கொடுத்து வைத்துவிடுங்கள்.