‘ட்வீக்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேன் கார் (ரிமோட்டில் ஓட்டும் சிறு பந்தயக் காரில் ஒரு வகை) சொற்பட்டியலில் ‘ட்வீக்’ (tweak) என்ற இடத்தில் ‘நுண்திருத்தம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். இதை மாற்றியே ஆக வேண்டும். பொதுப் பேச்சில் அந்தச் சொல்லுக்குச் சிறு மாற்றம் என்றுதான் பொருள், மறுக்கவில்லை. ஆனால் பேன் கார் ஓட்டுகிறவர் ‘என் காரில் ட்வீக் இருக்கிறது’ என்றால் அவர் சொல்வது ஒரு கோளாறை. அதையே ‘நுண்திருத்தம் இருக்கிறது’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு நல்ல செய்தியாகப் படும். பொருள் தலைகீழாகிவிடுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பேன் கார் என்பது அடிப்படையில் ஒரு தட்டு. கார்பன் நார்த்தகடு ஒன்று, அதன் முன்முனையில் சின்னச் சுருள்வில்களோடு இரண்டு சக்கரங்கள், பின்னால் மோட்டாரையும் அச்சையும் சுமக்கிற தனிக் கூடு. கியர்பெட்டி கிடையாது. மோட்டாரின் சிறு பல்சக்கரம் பின்னச்சிலுள்ள பெரிய பல்சக்கரத்தை நேராகச் சுற்றிவிடும். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்காது. இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் கூடு மொத்தமாகத்தான் அசையும். மேலும் கீழுமாக ஓர் அசைவு, இடமும் வலமுமாகச் சாய்ந்து ஓர் அசைவு. மேல்கீழ் அசைவை நடுவில் படுத்திருக்கும் டேம்பர் (ஆட்டத்தைத் தணிக்கும் உறுப்பு) பார்த்துக்கொள்ளும். இடவலச் சாய்வைக் கூட்டின் இரு பக்கமும் உள்ள பக்கச் சுருள்கள் தாங்கும். கெட்டியான சிலிக்கோன் திரவம் தடவிய குழாய் டேம்பர்கள் அந்த அசைவை நிதானப்படுத்தும்.

இந்தப் பக்கச் சுருள்களில்தான் நம் சொல் ஒளிந்திருக்கிறது. வலச் சுருள் இடச் சுருளைவிடக் கொஞ்சம் அதிகம் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் வலப்பக்கம் மேலே எழப் பார்க்கும், தட்டு இடப்பக்கம் சாயப் பார்க்கும். இட முன்சக்கரத்தில் சுமை ஏறும், வல முன்சக்கரத்தில் குறையும். ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்கள்தான் நம்மைத் தாங்கும், அதே கதைதான். பார்வைக்கு நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். ஓட்டினால்தான் தெரியும். ஒரு பக்க வளைவில் கச்சிதமாகத் திரும்புகிற கார் மறுபக்க வளைவில் விலகி அகலமாகப் போகும். நேர்ப்பாதையில் ரிமோட்டின் வேக விசையை முழுக்க அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கும், விட்டால் அந்த இழுப்பு இருக்காது. புதிதாக ஓட்டுகிறவர்கள் ரிமோட்டிலுள்ள ஸ்டீயரிங் டிரிம்மை (முன்சக்கரங்களின் நேர்நிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்பை) திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். நடக்காது. டிரிம் எப்போதும் ஒரே அளவுதான், இந்த இழுப்போ விசைக்குத் தக்கபடி கூடிக் குறையும்.

சோதனை ரொம்ப எளியது. இடம், வலம் டயர்களின் விட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கோளாறு சுருளிலா டயரிலா என்று தெரியாது. பேட்டரியை அதன் இடத்தில் வைத்து, காரைச் சமமான கண்ணாடிப் பலகையில் நிறுத்தி, முன்முனையின் நட்டநடுவில் ஒரு கத்தி நுனியைக் கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரங்களின் அடியைப் பாருங்கள். இரண்டும் ஒரே நொடியில் பலகையை விட்டால் கார் சரி. ஒன்று முதலில் எழும்பி மற்றது ஒட்டிக்கொண்டே இருந்தால், முதலில் எழும்பிய சக்கரத்தில் சுமை குறைவு. ஒரு பக்கச் சுருளின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கி மறுபக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்தி, காரை இரண்டு முறை அமுக்கிவிட்டு, மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘முறுக்கு’, ‘திருகல்’, ‘கோணல்’ என்று மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. மோட்டாரைப் பற்றி எழுதும்போது ‘முறுக்குவிசை’ வரிக்கு வரி வரும், ஆகவே ‘முறுக்கு’ குழப்பும். ‘திருகல்’ என்று வைத்தால் ‘திருகலைத் திருகாணியால் திருகி’ என்றெல்லாம் எழுத வேண்டிவரும், காதுக்கு ஒவ்வவில்லை. ‘கோணல்’ நல்ல புழக்கச் சொல்தான். ஆனாலும் இந்த மூன்றையும் நான் ஏற்காததற்கு வேறொரு காரணம் உண்டு. மூன்றும் வடிவத்தைச் சொல்கின்றன. ட்வீக் என்பது வடிவம் அல்ல.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒருமுறை ஓடுபாதையின் விளிம்புப் பலகையில் கார் மோதியது. அடுத்த ஓட்டத்திலிருந்து வலப்பக்கம் திரும்பவே மறுத்தது. தட்டு முறுக்கிக்கொண்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் கழற்றி வெறும் தட்டைக் கண்ணாடியில் வைத்தேன். மூலைக்கு மூலை விரலால் அழுத்திப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. புதுத் தட்டு மாற்றியும் கத்தி நுனிச் சோதனையில் இட முன்சக்கரம் பிந்தியே எழுந்தது. கூட்டைக் கையால் ஒரு பக்கம் சாய்த்து விட்டபோதுதான் புரிந்தது. அது நடுவுக்குத் திரும்பவில்லை, பாதியில் நின்றுவிட்டது. குழாய் டேம்பர் ஒன்றின் தண்டு இலேசாக வளைந்து உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. தட்டு நேராக இருந்தது, சுமைதான் கோணலாக இருந்தது. ‘தட்டு முறுக்கு’ என்ற எண்ணம் மனத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாலை முழுதும் வீணாகியிருக்காது. சொல் நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘சுமைக்கோட்டம்’. தொடர்ந்து எழுதும்போது ‘கோட்டம்’ என்றே போதும். சைக்கிள் ரிம் ஆடினால் ‘கோட்டம் எடுக்கணும்’ என்கிறோம் அல்லவா, ஒரு பக்க ஆரத்தை இறுக்கி எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தி? இங்கே கை செய்கிற வேலையும் அதுதான். வினையும் கூடவே கிடைக்கிறது. கோட்டம் விழுந்தது, கோட்டம் பார்த்தேன், கோட்டம் எடுத்தேன். ஒரு கலைச்சொல்லுக்கு வினை கிடைக்கவில்லை என்றால் அது பட்டியலோடு நின்றுவிடும்.

* * *

வணக்கம் ஐயா.

சுமையைக் குறிக்க வேண்டும் என்பது சரி. எனக்கு மூன்று தயக்கங்கள். கோட்டம் என்றால் கோயில் என்றும் ஆட்சிப் பிரிவு என்றும் பொருள் இருக்கிறதே? அடுத்து, சைக்கிள் ரிம்மில் கோட்டம் என்பதும் வடிவக் குறைதானே, நீங்கள் ‘கோணல்’ சொல்லுக்குக் காட்டிய காரணம் இதற்கும் பொருந்தாதா? மூன்றாவது, அசோசியேட்டட் ஆர்சி12எல் போன்ற பழைய கார்களில் பக்கச் சுருளே கிடையாது. ‘டி’ எழுத்து வடிவத்தில் ஒரு வளையும் தகடுதான் கூட்டையும் தட்டையும் இணைக்கும். அங்கே ட்வீக் என்பது அந்தத் தகடு முறுக்கிக்கொள்வதுதானே?

அப்புறம், ‘ரோல்அவுட்’ என்பதற்கு ‘ஒருசுற்றுத் தூரம்’ என்று எழுதியிருக்கிறேன். அது சரியா?

* * *

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல கேள்விகள். கோயில் பொருள் தடையாக இருக்காது. பக்கச் சுருள், முன்சக்கரம் என்று பேசுகிற பத்தியில் யாரும் கோயிலை நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். ரிம்மில் கோட்டம் வடிவக் குறையேதான். அதனால்தான் முன்னால் ‘சுமை’ கட்டாயம் வேண்டும் என்கிறேன். பட்டியலிலும் ஒவ்வொரு கட்டுரையின் முதல் இடத்திலும் முழுச் சொல்லையே எழுதுவோம். ‘சுமைக்கோணல்’ என்றாலும் பொருள் வந்துவிடும், ஆனால் ‘கோணல் எடுத்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எடு’ என்ற வினைக்காகவே கோட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

‘டி’ தகடு பற்றி யோசித்தேன். அங்கே தகடு முறுக்குவது காரணம், முன்சக்கரங்களில் சுமை மாறுவது விளைவு. அந்தக் கார்களிலும் இரண்டு திருகாணிகள் உண்டு. அவற்றைத் திருப்பி நாம் தகட்டை நேராக்குவதில்லை, இரு முன்சக்கரமும் ஒன்றாக எழும்பும்வரை திருப்புகிறோம். தகடு கொஞ்சம் முறுக்கிய நிலையிலேயே சுமை சமமாகிவிடுவதும் உண்டு. அதனால் தகட்டின் குறைக்கு ‘தகட்டு முறுக்கம்’ என்று தனிப் பதிவு போடலாம். அந்தத் திருகாணிகளுக்குக் ‘கோட்டத் திருகாணி’ பொருந்தும்.

‘ஒருசுற்றுத் தூரம்’ வேண்டாம். பந்தயத்தில் சுற்று என்றால் ஓடுபாதையை ஒருமுறை வலம்வருவது. இது மோட்டார் ஒருமுறை சுழன்றால் கார் நகர்கிற தூரம். ‘உருள்தூரம்’ என்று வைக்கலாமா? கணக்கைப் பக்கத்தில் போட்டால் நன்றாக விளங்கும். பின் டயரின் விட்டம் 42 மி.மீ., மோட்டார்ப் பல்சக்கரத்தில் 38 பல், அச்சுப் பல்சக்கரத்தில் 76 பல் என்றால் உருள்தூரம் ஏறக்குறைய 66 மி.மீ. இந்தக் கார்களில் நுரை டயர், ஓட ஓடத் தேயும். விட்டம் 41 ஆனால் உருள்தூரம் 64.4-க்கு இறங்கிவிடும். மோட்டார்ப் பல்சக்கரத்தை 39 பல்லுக்கு மாற்றினால் பழைய 66-க்கே வந்துவிடும். பல் எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்து, டயர் விட்டத்தை எழுதாதவர்களின் குறிப்பேடு அடுத்த பந்தயத்தில் பயன்படாததற்கு இதுதான் காரணம்.

உண்மைக் காரில் 12-இல் 1 பங்கு அளவுள்ள இவ்வகைக் கார்களுக்கு 1982-லேயே உலகப் போட்டி தொடங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளாக இதற்கெல்லாம் தமிழில் எழுதாமல் இருந்துவிட்டோம் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆகவே தள்ளிப்போடாமல் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்:

சுமைக்கோட்டம்: பேன் காரின் இரு முன்சக்கரங்களும் ஒரே அளவு சுமை தாங்காத நிலை. பக்கச் சுருள்களின் அழுத்த வேறுபாடு, பிடித்துக்கொள்ளும் டேம்பர், முறுக்கிய தகடு, சமமில்லாத டயர் விட்டம் ஆகியவற்றால் வரும். முன்முனையை நடுவில் தூக்கிப் பார்த்து அறியலாம். வினை: கோட்டம் எடுத்தல்.