தாத்தாப்பூ இலைச் சாறு: காயத்துக்குப் போட்டவர்கள் சொல்லுங்கள்

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஏழாவது படிக்கும்போது மாட்டுக்குப் புல் அறுக்கப் போய், அரிவாள் இடது ஆள்காட்டி விரலில் இழுத்துவிட்டது. ஆச்சி பதறவே இல்லை. பம்புசெட்டுத் தண்ணீரில் கையை நன்றாகக் காட்டச் சொல்லிவிட்டு, வரப்பில் தாத்தாப்பூ இலை நாலைந்து பறித்து அலசினாள். வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப்பூ என்றும் சொல்வார்களே, அதுதான். சொரசொர இலை, சும்மா கசக்கினால் சாறு வராது, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திரட்டிப் பிழிந்தால்தான் கரும்பச்சையாய் இரண்டு சொட்டு இறங்கும். காயத்தில் பட்டதும் சுரீரென்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்று பச்சையும் கறுப்புமாய்ப் பொருக்குக் கட்டிவிட்டது.

ஆச்சி முதலில் கழுவினாள் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். பல வருடம் கழித்துத் தம்பி செருப்போடு ஆணியை மிதித்தான். இலையை அரைத்து அப்பி, துணியால் இறுக்கிக் கட்டினோம். மூன்றாம் நாள் கால் வீங்கிச் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. டாக்டர் கீறிச் சுத்தம் செய்தபோது உள்ளே இலைச் சக்கை இருந்தது. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கும், காற்றுப் படாத ஆழக் குத்தில் எளிதாகப் பெருகும், அதற்கு ஊசிதான் வழி என்று அப்போதுதான் புரிந்தது.

*

அக்கா, எங்களுக்குத் தஞ்சாவூர். எங்கள் வீட்டில் காப்பிப்பொடிதான் அப்புவார்கள். ரத்தம் நிற்கும், ஆனால் அந்தப் பொடியைக் காயத்திலிருந்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும். இப்போது சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பதோடு சரி.

*

இது சூட்டுக்காயம். குக்கர் ஆவி பட்ட கையில் கற்றாழையை ஒடித்து அப்படியே தேய்த்தேன், சுற்றிலும் சிவந்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. வெட்டின மடலை நிமிர்த்தி வைத்து அந்த மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தடவை அலச வேண்டுமாம், அத்தை சொன்னார். அதற்கும் முன்னால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டியிருக்க வேண்டும்.

*

கற்றாழைக்கு நன்றி தங்கச்சி, நானும் அலசாமல்தான் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி இப்போது நன்றாக நடக்கிறான். சென்னையில் எங்கள் மாடித் தொட்டியில் தாத்தாப்பூ தானாக முளைத்திருக்கிறது, களை என்று பிடுங்காமல் விட்டிருக்கிறேன். சிராய்ப்புக்குச் சாறு மட்டும், கழுவின பிறகு.